ரோஸ் ரிப்பன் கட்டிய கதவு

“ஷ்ஷ்! மெதுவா ஐயா, மெதுவா. எதிர் வீட்டுல குழந்தை தூங்குது.”

கார் கதவை அறைந்து சாத்தப்போன கொர்ராடோவின் கை அப்படியே நின்றது. காப்பிக்கடை எவாரிஸ்தோ வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய மனிதர், மூச்சு வாங்கியது.

எதிர் வீட்டுக் கதவில் ரோஸ் நிறத்தில் புத்தம் புது ரிப்பன் முடிச்சு. இத்தாலி வழக்கப்படி, பெண் பிறந்த வீடு என்று அர்த்தம். கிழடுகள் மட்டுமே மிஞ்சிய மலை ஊரில் ஒரு குழந்தை என்றால் சும்மாவா? கொர்ராடோவுக்கே சந்தோஷமாகிவிட்டது.

அவருக்கு வேலையே இதுதான். கூட்டம் எட்டிப் பார்க்காத ஊர்களைத் தேடிப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுவார். எழுதிய மறுமாதமே அங்கே பஸ்கள் வரிசை கட்டும், இருந்த அமைதியும் போய்விடும். அவருக்கென்ன, அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

ஆனால் மொந்தெலானா என்ற இந்த ஊரைப் போல ஓர் அமைதியை அவர் எங்கேயும் கண்டதில்லை. கடைக்குள் நாலு கிழவர்கள் சீட்டாடினார்கள். ஒருவரும் சீட்டை மேஜையில் ஓங்கி அடிக்கவில்லை. இத்தாலிக்காரன் சீட்டை அடிக்காமல் ஆடி யாராவது பார்த்ததுண்டா?

“தோக்குறதே கொடுமை. இதுல வாயை மூடிக்கிட்டு வேற தோக்கணும்,” என்று கிசுகிசுத்தார் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான ப்ரீமோ.

“சர்ச் மணிகூட அடிக்கலையே?” என்றார் கொர்ராடோ.

“கயித்தைச் சுருட்டி மேல கட்டியாச்சு. பூசைக்குப் பாதிரியாரே வீடு வீடா வந்து கூப்பிடறாரு. கதவைத் தட்டக்கூட மாட்டாரு, சுரண்டுவாரு!” என்றார் ப்ரீமோ.

நாலு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். “இதைப் பத்திரிகையில எழுதியே ஆகணும்,” என்று கொர்ராடோ பையிலிருந்து கேமராவை எடுத்தார். எவாரிஸ்தோவின் முகம் வெளிறிவிட்டது.

“எழுதிடாதீங்க ஐயா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“என்ன பெரியவரே, ஊர் ஊரா என்னை எழுதச் சொல்லிக் கெஞ்சறாங்க. கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க, நாலு பஸ் வந்தா கசக்குதா?”

“வியாபாரம் கெடக்கட்டும். பஸ் வந்தா சத்தம் வரும். சின்னச் சத்தம் கேட்டாக்கூட என் வீட்டுக்காரி தொட்டிலுக்கு ஓடிடுவா. அப்புறம் அழுகையை நிறுத்தவே முடியாது. ஊரே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

“அட, உங்க வீட்டுக் குழந்தைதானா? பேத்தியா? கொடுத்து வச்சவர்!”

எவாரிஸ்தோ கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிர் வீட்டு மாடி ஜன்னலில் வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். கொர்ராடோவும் சிரித்தபடி தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அப்போது அடித்த காற்றில் ரிப்பன் சற்றே விலகியது. வெயிலில் வெளுத்துப்போன பச்சைக் கதவில், ரிப்பன் மறைத்திருந்த இடம் மட்டும் கரும்பச்சையாக இருந்தது.

அவருக்கு மனசு இளகிவிட்டது. கேமராவைப் பைக்குள் போட்டார்.

“சரி, எழுதலை. பாப்பா வளரட்டும், ஓடியாடட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து எழுதறேன், போதுமா?”

சீட்டாட்டம் நின்றது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏன், தப்பா ஏதாவது சொல்லிட்டேனா? பாப்பாவுக்கு நல்லதா ஒரு சட்டை வாங்கி அனுப்பறேன். எத்தனை மாசம் ஆச்சு?”

எவாரிஸ்தோ கோப்பையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. கொர்ராடோவின் நரை விழுந்த தலையைப் பார்த்தார்.

“பேத்தி இல்ல ஐயா, பொண்ணு. இருந்திருந்தா உங்க வயசு.”