இரண்டு நிமிட வட்டம்

விமானம் ஓட்டப் பழகிய நாட்களில் வேலுமணி தன் மனைவி அமராவதியிடம் சொல்லியிருந்தான். "மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டா வெளிய ஒண்ணுந் தெரியாது. திரும்பற வேகத்தக் காட்டற முள்ளைக் கோட்டுல நிறுத்தி, ஒரே சாய்வுல திரும்பிக்கிட்டே இருக்கோணும். முழு வட்டத்துக்கு ரெண்டு நிமிஷம். தரை தெரியற வரைக்கும் அப்படியே சுத்தலாம்."

1964 ஆடியில் சேவூருக்கு அருகே அவனுடைய விமானம் மேகத்திலிருந்து விழுந்தது. அவன் அப்பா ரத்தினசாமிதான் கொள்ளி வைத்தார்.

ஒன்பதாம் நாள் காலை, நெருப்பெரிச்சல் ஊரில் அவர்களுடைய சலவைப் பட்டறைக்கு மேலே, மேகத்துக்குள் ஓர் எஞ்சின் சத்தம் கடந்து போனது. மறுபடி வந்தது. அமராவதி கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இரண்டு நிமிடம். மத்தியானம் வரை அது மாறவில்லை.

"உங்களுக்குங் கேக்குதுங்களா மாமா?"

"வேற யாரோ பழகறாங்க அம்மிணி. கூடுதுறைல சாம்பல் கரைச்சாச்சு. நாளைக்குத் தாலியக் கழட்டோணும். மனசத் தேத்திக்க."

அவள் துணி காயும் களத்துக்குப் போனாள். வெளுத்த பனியன் துணியைப் பக்கம் பக்கமாக விரிப்பதுதான் வழக்கம். அவள் அதையெல்லாம் எடுத்து, மேலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைப் பாதையாகத் தெரியும்படி, நேர்கோட்டில் விரித்துக்கொண்டே போனாள்.

ரத்தினசாமி தடுக்கத்தான் வந்தார். சத்தம் தலைக்கு மேலே கடந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அது திரும்பி வரும்வரை நின்றார். பிறகு குனிந்து துணியின் மறுமுனையைப் பிடித்தார்.

"இன்னும் நீளமா இழு அம்மிணி. இது அவனுக்குப் பத்தாது."

அடுத்த இரண்டு நிமிடத்தில் சத்தம் வட்டமடிக்கவில்லை. நேராக, தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.