வெறும் கிரைண்டர்

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்மீட்டர் மாதக் கடைசியில் பேசும். "சென்ற மாதத்தைவிடக் குறைக்கவில்லை" என்று சொல்லி ஒரு சாமானைப் பூட்டிவிடும். ஏற்கெனவே டிவி போயிற்று, மிக்சி போயிற்று. இனி எதைக் குறைப்பது, மூச்சையா?

மாடி வீட்டு எஸ்தர் கதவைத் திறந்துவைத்தே ஏசி போடுகிறாள். அவளுக்கு மட்டும் மாதாமாதம் பாராட்டு. எப்படி என்று கேட்டேன்.

"ஒரு மாசம் கண்டபடி எரிச்சுத் தள்ளுங்கக்கா. ஒரு பூட்டு விழும், விழட்டும். அப்புறம் வருஷம் பூரா கொஞ்சங்கொஞ்சமா குறைச்சுக் காட்டலாம்."

அப்படியே செய்தேன். பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டேன். அரிசி போடாமல் வெறும் கிரைண்டரை ஓடவிட்டேன், வயிறு எரிந்தது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

மாதக் கடைசியில் மீட்டர் வாயைத் திறந்தது. "சென்ற மாத அளவேதான். குறைக்கவில்லை." ஃபேன் நின்றது.

"அதெப்படி? அத்தனையும் எரியவிட்டேனே!" என்று கத்தினேன்.

இவர் திருதிருவென்று விழித்தார்.

"வேணும்னேவா எரியவிட்ட சுலோ? உனக்கு மறதி வந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்! சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு, நீ அந்தப் பக்கம் போனதும் ஒவ்வொண்ணா அமத்திட்டே இருந்தேன்."

சித்திரை வெயிலில் இருவருக்கும் வேர்த்து வழிந்தது. அவரை முறைத்துக்கொண்டே பழைய காலண்டர் அட்டையை எடுத்து விசிறினேன். முதலில் எனக்கு. பிறகு, வேறு வழியில்லாமல், அவருக்கும்.