பின் டயருக்கு முப்பத்தெட்டு

"ரெண்டு பேருதான போறீக அண்ணாச்சி, பின்னாடி எதுக்கு முப்பத்தெட்டு?"

காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி கேட்டான் முனியராஜ். திருத்தங்கல் மெயின் ரோட்டில் அவனுக்குப் பஞ்சர் கடை. ரத்தினசாமி காரைவிட்டு இறங்கி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினார். ஆள் குறைவு என்றால் நாலு டயருக்கும் முப்பத்திரண்டு, முழு லோடு என்றால் பின் டயர்களுக்கு முப்பத்தெட்டு என்று அதில் போட்டிருந்தது.

"அதத்தான் நானும் சொல்றேன். வெறும் வண்டிக்கு இம்புட்டு வச்சா தூக்கித் தூக்கிப் போடும். அக்கா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"லோடு இருக்கு முனியராஜு. நீ வையி."

உள்ளே உட்கார்ந்திருந்த முத்துச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரின் லோடு என்னவென்று அவளுக்குத் தெரியாதா? சொந்தமாகக் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறவர். சீசன் தொடங்கிவிட்டால் டிக்கி நிறைய சாம்பிள் கட்டுகளை அடைத்துக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கே போவார். மகள் வீட்டுக்குப் போகிற இன்றைக்குமா?

டயர் விஷயத்தில் மட்டும் மனுஷர் மகா கறார். வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாகத்தான் காற்றுப் பிடிப்பார். கல்யாண நாளை மறந்தாலும் மறப்பாரே தவிர இதை மறக்க மாட்டார்.

அவள் கவலை வேறு. முந்தாநாள் திண்டுக்கல்லிலிருந்து மகள் சுகிர்தா போன் பண்ணியிருந்தாள். மாப்பிள்ளை விக்னேஷ்குமார் மறுபடியும் கை நீட்டிவிட்டான். இனி முடியாது, எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடு, அப்பாவிடம் நீயே சொல் என்று அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசினாள்.

போன தடவை இப்படித்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். பொறுத்துப் போகணும் என்று புத்தி சொல்லி, ரத்தினசாமியே இதே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அவ்வளவு பயம் அவருக்கு. இந்தத் தடவை அவரிடம் என்னவென்று சொல்வது? பேரப்பிள்ளைகள் ரெண்டு பேரையும் பார்த்து நாளாயிற்று, ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். மறுபேச்சில்லாமல் சரி என்றார். திண்டுக்கல்லில் ஏதாவது ஆர்டர் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போகிற வழியிலேயே சொல்லிவிட வேண்டும். மாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மகளின் கதி என்ன?

முனியராஜ் சொன்னபடியே ஆயிற்று. ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் கார் துள்ளியது. விருதுநகர் வருவதற்குள் பேசிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொத்தைப் பேச்சுத்தான் வந்தது.

"காத்தக் கொஞ்சம் எறக்கிவிட்டாத்தான் என்னங்க?"

"கொஞ்சம் பொறுத்துக்க செல்வி."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. மகளுக்கும் இதையேதான் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பார்த்தாரோ என்னவோ, கள்ளிக்குடி தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

டீயை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மகள் போனில் சொன்னதை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். ரத்தினசாமி தலையைக் குனிந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னிக்கு அவளக் கூட்டிட்டுத்தான் வருவேன். ஒங்க வண்டியில காலண்டருக்குத்தான் எடம்னா, நானும் எம் பிள்ளையும் பஸ்ல வந்துக்கிடுறோம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவரை இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. ரத்தினசாமி எழுந்தார். காரின் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

உள்ளே ஒரு காலண்டர்கூட இல்லை. சுத்தமாகப் பெருக்கிப் பழைய போர்வை ஒன்று விரித்திருந்தது. சாமான் கட்டுவதற்கு ஒரு கயிறும் கிடந்தது.

"சம்பந்தி வீட்டுக்குன்னா சேவு, பால்கோவான்னு முந்துன நாளே என்னைய விரட்டுவ. நேத்து நீ ஒண்ணுமே கேக்கல. அப்பவே வெளங்கிருச்சு செல்வி. அவளத் திருப்பிக் கொண்டுபோய் விட்டதுலருந்து எனக்கும் ஒறக்கம் இல்ல."

"அப்ப முனியராஜுகிட்ட லோடு இருக்குன்னு சொன்னீகளே?" என்று கேட்டாள்.

ரத்தினசாமி டிக்கியை அழுத்தி மூடினார்.

"போறப்பதான் ரெண்டு பேரு. வாறப்ப அஞ்சு பேரு, அவ சாமான் வேற. அந்த வீட்ட விட்டுக் கெளம்புனா காத்துப் பிடிக்கக்கூட வண்டிய நிப்பாட்டக் கூடாதுன்னுதான் நம்மூர்லயே வச்சேன்."