நாலாயிரம் ஸ்டெப்

அம்மாவுக்குக் கேன்சர். அப்பா வாக்கிங் போகிறார்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியை எடுக்கிற மனுஷன், புது ஷூ மாட்டிக்கொண்டு திண்டிவனம் மேம்பாலம் வரை போய்த் திரும்புகிறார்.

"பொண்டாட்டி படுத்துக் கெடக்கிறா. இவரு புது மாப்பிள்ளை கணக்கா போறாரு பாரு!" என்றாள் எதிர்வீட்டு கெங்கம்மாள் அக்கா. என் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள்.

எனக்கும் அதே எரிச்சல். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கஞ்சி காய்ச்ச நான், வாந்தி பக்கெட் கழுவ நான். இவருக்கு வாக்கிங்.

அன்றைக்கு வாசலிலேயே மறித்தேன்.

"அம்மாவால எழுந்து நிக்கக்கூட முடியல. ஒனக்கு இன்னாப்பா வாக்கிங்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினார். அம்மாவின் போன்.

எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு மருந்து மாற்றியும் அம்மாவின் கேன்சர் அடங்கவில்லை. மூன்றாவது, பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி தருகிற ஆராய்ச்சி மருந்து. கூடவே நடந்தால் அது இன்னும் நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். தினம் நாலாயிரம் ஸ்டெப் நடக்க வேண்டும். போனே எண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

"நடக்கலன்னா பேரை எடுத்துடுவாங்கடி. அப்புறம் மருந்துக்கு எங்க போறது? ஒங்கம்மாகிட்ட கேட்டேன், குடுத்துட்டா. நீ வாயைத் தொறக்காத" என்றார்.

ஒரு வாரம் திறக்கவில்லை. எனக்கு அதுவே அதிகம்.

அடுத்த செக்கப்பில் டாக்டர் நெடுஞ்செழியன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"அருள்ராணி, சூப்பர்மா! தெனம் ஆறாயிரம் நடக்கிறீங்க. உடம்பு மருந்தை நல்லாத் தாங்குது. டோஸைக் கூட்டிடலாம்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவள் கையை அழுத்தினார்.

"சார், அது எங்கப்பா நடந்தது" என்றேன்.

"ஜெசி!" என்று அதட்டினார் அப்பா.

"இன்னா ஜெசி? டோஸைக் கூட்டறேங்கிறாரு, காதுல விழல? சார், அம்மா பாத்ரூமுக்கே என்னைப் புடிச்சிக்கினுதான் போறாங்க."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார்.

"கூட்டியிருந்தா இவங்க தாங்கியிருக்க மாட்டாங்க" என்றார் அப்பாவிடம். "நடக்க முடியலன்னா அதைச் சொல்லுங்க. ஆராய்ச்சிக்கு அதுவும் வேணும். பேரையெல்லாம் எடுக்க மாட்டோம். டோஸைக் குறைச்சுத் தரேன். எழுந்து நடப்பாங்க."

வெளியே வந்ததும் அப்பா உடைந்துவிட்டார்.

"ஒன்னை நானே கொன்னிருப்பேன், ராணி. நாலு பேர் சிரிக்கச் சிரிக்க நடந்ததெல்லாம் வீணாப் போச்சு."

"இன்னா வீணாப் போச்சு?" அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அஞ்சு வருஷமா ஒங்க சர்க்கரை டாக்டர் நடங்க நடங்கன்னு தலையால அடிச்சிக்கினாரு. ஒரு நாள் நடந்தீங்களா? எனக்கோசரம்னாத்தான் நடப்பீங்கன்னுதான், கேட்டதும் போனைக் குடுத்தேன். நாளைக்கும் கெளம்புங்க, ஒங்க போனை எடுத்துக்கினு!"