ஊதாத் தோல்

தனசேகர் விழுங்கிய மாத்திரைக்குள் கேமரா இருந்தது. அது அனுப்பும் படங்களைத் தானும் பார்க்க அனுமதி கேட்டு வாங்கியிருந்தாள் அவன் மனைவி பூங்கோதை. எது எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதில் இருவருக்குமே ஆசை. இளஞ்சிவப்புச் சுரங்கத்துக்குள் வெளிச்சம் நகர்ந்தது. "உங்க குடல் எவ்ளோ அழகா இருக்குங்க!" என்றாள்.

டாக்டர் திரையை நிறுத்தினார். "வெறும் வயித்தோட வரச் சொன்னேனே சார்? நேத்து கத்திரிக்காயா?"

ஊதாத் தோலும் தட்டை விதைகளும் குடல் சுவரில் ஒட்டியிருந்தன.

கத்திரிக்காய் என்றால் பூங்கோதைக்கு உயிர். கல்யாணமான புதிதில், தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அது ஆகாது என்று அவன் படம் வரைந்து விளக்கியிருந்தான். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அது வேகவில்லை, அவளும் தின்னவில்லை. நேற்று ஆபீஸ் வேலை என்று தாமதமாக வந்தவன், பரிசோதனைக்காகப் பட்டினி என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

இப்போது சட்டைப் பொத்தானைப் போட்டான். போட்டதையே அவிழ்த்து மறுபடியும் போட்டான்.

"எண்ணெயில வதக்குனதாங்க? இல்ல, புளி ஊத்துனதா?"

"கோதை, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எந்த வீட்டுக்கு?"

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் உள்ள போங்க டாக்டர்."