நாற்காலி எழுதிய விமர்சனம்

தியேட்டர் நாற்காலிகளே விமர்சனம் எழுதும் காலம் அது. எருமை ஒன்று மூன்று மணி நேரம் அசைபோடும் ஆவணப்படத்துக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தார் வைரவநாதன். அதைச் சினிமாவாக எடுத்துக் கெடுத்துவிட்டார்களாம். கண்டிக்காவிட்டால் மன்றத் தலைவர் பதவி நிலைக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தியேட்டரில் போய் உட்கார்ந்தார். எருமை வில்லனை முட்டித் தள்ளியதும் தம்மை மறந்து விசிலடித்தார்.

படம் முடிந்ததும் நாற்காலி ஊருக்கே அறிவித்தது: 'விசில் நான்கு. எழுந்து ஆடியது ஒருமுறை. இவரே என்மேல் உட்கார்ந்து ஆவணப்படம் பார்த்தபோது, ஒன்பதாம் நிமிடம் முதல் குறட்டை.'

கூட வந்த மனைவி கோமளவல்லி கைபேசியில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப இருபது வருஷமா மேடையில நீங்க புகழ்ந்தது, கனவுல பாத்த படத்தையா?"

பதவி போனது போனதுதான் என்றானதும் தலைவருக்கு உடம்பே லேசாகிவிட்டது.

"கனவுலகூட எருமை இவ்வளவு நல்லா முட்டலடி. அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் போடு!"