முந்நூறு பேர் தெரு

தெருமுனையில் எழும்பும் அடுக்குமாடிக்கு ஒதுக்கியது போக, எங்கள் தெருவில் முந்நூறு பேருக்குத்தான் தண்ணீரும் சாக்கடையும் தாங்கும் என்று சுற்றுச்சூழல் அறிக்கையில் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். ஏற்கெனவே நாங்கள் முந்நூறு பேர் இருந்தோம். என் மகள் பவுனுக்கு ஒன்பதாம் மாதம்.

“யாராவது ஒருத்தர் வெளியேறினால்தான் பிறக்கிற பிள்ளையைப் பதிய முடியும், பெரியவரே,” என்றார் வார்டு அதிகாரியம்மா.

“அந்தச் சாக்கடையைத் தோண்டினவனே நான்தாம்மா. இன்னும் பத்துப் பிள்ளைக்குத் தாங்கும்.”

“சாக்கடை தாங்கும். அறிக்கை தாங்காதுங்களே.”

வெளியேறுவோர் படிவத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தேன்.

“எங்க போவீங்கப்பா?” என்று பவுனு அழுதாள்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் புது நகரம் கட்டுறாங்க. சாக்கடை தோண்ட ஆள் வேணுமாம்.”

“அங்க மட்டும் அறிக்கை இருக்காதா?”

“இருக்கும் தாயி. தோண்டுறவங்களை அதுல எண்ண மாட்டாங்க.”